நீக்கும் வழி எழுதப்படாத பதவி

1984ஆம் ஆண்டில் திருப்பூரில் 127 நாள் நீடித்த பஞ்சப்படி வேலைநிறுத்தத்தைச் சென்ற இதழில் பார்த்தோம். தொழிற்சங்கமும் முதலாளிகளும் நேருக்கு நேர் நின்ற அந்தத் திருப்பூர், இருபது ஆண்டு கழித்து ஓட்டுச்சீட்டில் வேறொரு எதிரெதிர் அணியைக் கண்டது. தொகுதி மறுவரையறைக்கு முன்பு திருப்பூரும் பல்லடமும் கோவை மக்களவைத் தொகுதிக்குள் இருந்தன. 2004இல் அங்கே பாரதிய ஜனதா கட்சியின் வேட்பாளர் சி.பி.ராதாகிருஷ்ணன். அதற்கு முன் 1998, 1999 என இரு முறை அதே தொகுதியில் வென்றவர், திருப்பூரில் பிறந்தவர், பின்னலாடைத் தொழிலை அறிந்தவர். எதிரே நின்றவர் இந்திய கம்யூனிஸ்ட் கட்சியின் கே.சுப்பராயன், ஏஐடியுசி தொழிற்சங்கத்திலிருந்து வந்தவர். சுப்பராயன் வென்றார். 2019, 2024 தேர்தல்களில் திருப்பூர்த் தொகுதியின் மக்களவை உறுப்பினராகவும் ஆனார். ராதாகிருஷ்ணன் 2014, 2019 தேர்தல்களில் கோவையில் தோற்றார். 2023 பிப்ரவரியில் ஜார்க்கண்ட் ஆளுநராகவும், 2024 ஜூலையில் மகாராஷ்டிர ஆளுநராகவும் நியமிக்கப்பட்டார். 2025 செப்டம்பரில் குடியரசுத் துணைத் தலைவரானார். ஒரே வாக்காளர்கள் எடைபோட்ட இருவரில் ஒருவர் ஆளுநர் பதவியையே ஒழிக்கச் சொல்லும் கட்சியின் உறுப்பினராக மக்களவைக்குப் போனார். மற்றவர் எந்த வாக்காளரும் அளிக்க முடியாத, எந்தச் சட்டமன்றமும் பறிக்க முடியாத ஆளுநர் பதவிக்குப் போனார். அந்தப் பதவியை மாநிலக் கட்சிகள் அசைக்கப் பார்த்த கதைதான் இந்த இதழ். தனிமனிதர்களின் குறைநிறை இங்கே பேச்சல்ல. ஆளுநரை நீக்கும் வழி அரசியலமைப்பில் எழுதப்படாமல் போனதால் நல்ல ஆளுநரும் காக்கப்படவில்லை, வரம்பு மீறும் ஆளுநரும் கேட்கப்படவில்லை என்பதே என் வாதம்.

முதலில் அந்த வழி எழுதப்பட்டுத்தான் இருந்தது. 1947இல் சர்தார் படேல் தலைமையிலான மாகாண அரசியலமைப்புக் குழு, ஆளுநரை வயது வந்தோர் அனைவரும் நேரடியாகத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்றது. அதோடு நிற்காமல், அவரைப் பதவிநீக்கும் முறையையும் வகுத்தது. மாகாணச் சட்டமன்றம் குற்றம் சாட்டும், மத்திய நாடாளுமன்றத்தின் மேலவை விசாரிக்கும், இரண்டிடத்திலும் மூன்றில் இரண்டு பங்கு ஆதரவு வேண்டும். 1948இன் வரைவு அரசியலமைப்பில் 137ஆவது பிரிவாக இந்தக் கருத்து இடம்பெற்றது. 1949 மே 30, 31 தேதிகளில் அரசியல் நிர்ணய சபை திசை மாறியது. தேர்ந்தெடுக்கப்பட்ட ஆளுநரும் தேர்ந்தெடுக்கப்பட்ட முதலமைச்சரும் மோதிக்கொள்வார்கள் என்று நேரு அஞ்சினார். தானாகச் செய்யும் அதிகாரம் ஏதும் இல்லாத ஒருவருக்காகத் தேர்தல் செலவு எதற்கு என்று அம்பேத்கர் கேட்டார். ஆளுநரைக் குடியரசுத் தலைவரே நியமிப்பார் என்று முடிவானது, கூடவே 137ஆவது பிரிவும் உதிர்ந்தது. இப்போதைய 156ஆவது பிரிவின்படி ஆளுநர் குடியரசுத் தலைவரின் விருப்பம் உள்ளவரை பதவியில் இருப்பார். நடைமுறையில் அது மத்திய அமைச்சரவையின் விருப்பம். அம்பேத்கரின் வாதம் ஒரு நிபந்தனையின் மேல் நின்றது: ஆளுநருக்குச் சொந்த அதிகாரம் இருக்காது. அந்த நிபந்தனை உடைந்தால் வாதமும் உடையும். அது உடைய மூன்று ஆண்டுகூட ஆகவில்லை. 1952 தேர்தலில் சென்னை மாகாணத்தின் 375 இடங்களில் காங்கிரஸ் வென்றது 152. தேர்தலில் நிற்காத ராஜாஜியை ஆளுநர் ஸ்ரீபிரகாசா மேலவை உறுப்பினராக நியமித்து, ஆட்சி அமைக்க அழைத்தார். அந்த ஒரு கையெழுத்து மாகாணத்தின் அரசையே தீர்மானித்தது.

ஆட்டுக்குத் தாடி எதற்கு, நாட்டுக்கு கவர்னர் எதற்கு என்று அண்ணா கேட்டது தமிழ்நாட்டில் எல்லோருக்கும் தெரியும். அவர் பெரியாரை முதன்முதலாகச் சந்தித்தது 1934இல் இதே திருப்பூரில் நடந்த இளைஞர் மாநாட்டில்தான் என்பது இந்த ஊர்க்காரர்கள் பெருமையோடு சொல்லும் செய்தி. ஆனால் அந்தக் கேள்வியைவிட, அதற்குப் பின் திராவிட முன்னேற்றக் கழக அரசு செய்த காரியம் கனமானது. அதைத்தான் நாம் மறந்துவிட்டோம். 1969இல் கருணாநிதி அரசு நீதிபதி பி.வி.ராஜமன்னார் தலைமையில் ஒரு குழு அமைத்தது. 1971 மே மாதம் அதன் அறிக்கை வந்தது. மாநில அமைச்சரவையைக் கலந்தே ஆளுநரை நியமிக்க வேண்டும், ஒருமுறை இருந்தவருக்கு மறுமுறை பதவி கூடாது என்றது. தவறான நடத்தையோ இயலாமையோ உச்ச நீதிமன்ற விசாரணையில் நிரூபிக்கப்பட்டால் ஒழிய அவரை நீக்கக் கூடாது என்றும் சேர்த்துச் சொன்னது. இந்தக் கடைசிப் பரிந்துரையின் கூர்மையைக் கவனிக்க வேண்டும். ஆளுநரோடு சண்டையிட்ட கட்சியின் அரசு அமைத்த குழு, ஆளுநரின் பதவிக்கு உறுதி தரச் சொல்கிறது! டெல்லிக்கு அஞ்ச வேண்டியிராத ஆளுநர்தான் மாநிலத்துக்கு நியாயமாக இருக்க முடியும் என்பதை அந்தக் குழு புரிந்திருந்தது.

அடுத்த இருபது ஆண்டுகள் அந்தப் புரிதலுக்குச் சான்று சொல்லின. 1976 ஜனவரி 31இல் ஆளுநர் கே.கே.ஷாவின் அறிக்கையின் பேரில் கருணாநிதி ஆட்சி கலைக்கப்பட்டது. 1980 பிப்ரவரியில் எம்.ஜி.ஆர். ஆட்சி கலைக்கப்பட்டது, அதே ஆண்டு அக்டோபரில் ஆளுநர் பிரபுதாஸ் பட்வாரியே நீக்கப்பட்டார். 1991இல் சுர்ஜித் சிங் பர்னாலா வேறு விதமாக நின்றார். திமுக ஆட்சியைக் கலைக்க அறிக்கை தரும்படி வந்த நெருக்கடிக்கு அவர் இணங்கவில்லை. அவருடைய அறிக்கை இல்லாமலேயே ஜனவரி 30இல் ஆட்சி கலைந்தது. பர்னாலா பீகாருக்கு மாற்றப்பட்டார், ஏற்க மறுத்து விலகினார். கேட்டதைக் கொடுத்தவருக்கு ஒன்றும் ஆகவில்லை. மனசாட்சிப்படி நடந்தவர் பதவி இழந்தார். 137ஆவது பிரிவோ ராஜமன்னாரின் பரிந்துரையோ சட்டத்தில் இருந்திருந்தால் பர்னாலாவை யாரும் தொட்டிருக்க முடியாது.

தமிழ்நாட்டில் மாநிலக் கட்சி தானே ஆளுநரை நீக்கக் கேட்ட ஒரு பெரிய நிகழ்வு 1995இல் வந்தது. அதை விரிவாகப் பார்க்க வேண்டும், ஏனென்றால் என் வாதத்துக்கு வலுவான மறுப்பும் அங்கேதான் இருக்கிறது. 1993இல் ஆளுநராக வந்த எம்.சென்னா ரெட்டிக்கும் முதலமைச்சர் ஜெயலலிதாவுக்கும் தொடக்கத்திலிருந்தே ஒத்துப்போகவில்லை. 1994 ஜனவரியில், பல்கலைக்கழகங்களின் வேந்தராக ஆளுநருக்குப் பதில் முதலமைச்சரே இருக்க வேண்டும் என்ற மசோதாவைச் சட்டமன்றம் நிறைவேற்றியது. 1995 மார்ச் 25இல், முதலமைச்சர் மீது ஊழல் வழக்குத் தொடர சுப்பிரமணியன் சுவாமி கேட்ட அனுமதியை ஆளுநர் அளித்தார். அதன்பின் அதிமுக கட்சிக்காரர்கள் தெருவில் இறங்கினார்கள். புதுச்சேரிக்குப் போகும் வழியில் திண்டிவனத்தில் ஆளுநரின் வாகன வரிசை தாக்கப்பட்டது. ஏப்ரலில் ஆளுநரைத் திரும்பப் பெறக் கோரிச் சட்டமன்றம் தீர்மானம் நிறைவேற்றியது. அவையில் அதிமுகவுக்கு மட்டும் 164 பேர் வென்று வந்திருந்தார்கள், 234இல் மூன்றில் இரண்டு பங்குக்கு வேண்டியது 156தான். இவ்வளவு பலம் இருந்தும் தீர்மானத்தால் ஒரு துரும்பும் அசையவில்லை. 1996 டிசம்பரில் இறக்கும் வரை சென்னா ரெட்டியே ஆளுநர்.

இதன் மறுபக்கம் 2001. அந்த ஆண்டு மே 14இல் ஜெயலலிதாவுக்குப் பதவிப் பிரமாணம் செய்துவைத்தார் ஆளுநர் பாத்திமா பீவி. ஜூன் 30 அதிகாலையில் கருணாநிதி கைது செய்யப்பட்டார். அப்போது திமுக வாஜ்பாய் அமைச்சரவையில் பங்கு பெற்றிருந்தது. ஆளுநரைத் திரும்பப் பெறும்படி மத்திய அமைச்சரவை பரிந்துரைத்தது, ஜூலை 1இல் பாத்திமா பீவி விலகினார். 164 சட்டமன்ற உறுப்பினர்களால் ஓராண்டுக்கு மேலாக முடியாததை டெல்லிக் கூட்டணியில் இருந்த ஒரு கட்சியால் இரண்டே நாளில் முடிக்க முடிந்தது. தமிழ்நாட்டுக் கட்சிகள் இதிலிருந்து கற்ற பாடம் தெளிவானது: ஆளுநரை மாற்றச் சட்டமன்ற எண்ணிக்கை பயன்படாது, மக்களவை எண்ணிக்கையும் மத்தியில் தோழமையும் வேண்டும். ஆளுநர் பிரச்சினை நாடாளுமன்ற வேட்பாளர் தேர்வோடு பிணைந்தது இப்படித்தான். 2004 ஜூலை 2இல் புதிய மத்திய அரசு உத்தரப் பிரதேசம், குஜராத், ஹரியானா, கோவா ஆளுநர்களை ஒரே நாளில் நீக்கியது. 2010இல் பி.பி.சிங்கல் வழக்கில் உச்ச நீதிமன்றம், மத்திய அரசோடு கருத்து ஒத்துப்போகவில்லை என்பதற்காக ஓர் ஆளுநரை நீக்க முடியாது என்று தீர்ப்பளித்தது. ஆனால் காரணத்தை வெளியே சொல்ல வேண்டிய கட்டாயம் இல்லை என்றும் சொன்னது. சொல்லாத காரணத்தை யார் போய் எதிர்த்து வாதாடுவது?

இப்போது அண்மைக் கதை. ஆர்.என்.ரவி 2021 செப்டம்பர் 18இல் ஆளுநராகப் பதவியேற்றார். 2022 நவம்பரில் திமுகவும் காங்கிரஸ், மதிமுக, இரு கம்யூனிஸ்ட் கட்சிகள், விடுதலைச் சிறுத்தைகள் முதலான தோழமைக் கட்சிகளும் அவரைத் திரும்பப் பெறும்படி குடியரசுத் தலைவர் திரௌபதி முர்முவிடம் மனு அளித்தன. திருப்பூர் எம்.பி.யின் கட்சியும் இதில் சேர்ந்தே நின்றது. 2023 ஜனவரி 9இல் ஆளுநர் உரையின் சில பகுதிகளை வாசிக்காமல் விட்டு, அவையிலிருந்து வெளியேறினார். இணையச் சூதாட்டத் தடை மசோதாவை 2022 அக்டோபரில் சட்டமன்றம் நிறைவேற்றியது. அது முடங்கிக் கிடக்கும்போதே அவசரச் சட்டமும் காலாவதியானது. 2023 மார்ச்சில் மசோதா திரும்பி வந்தது, அவை மீண்டும் நிறைவேற்றியது. ஏப்ரல் 10இல், மசோதாக்களுக்குக் காலவரம்பு கேட்டுச் சட்டமன்றம் தீர்மானம் போட்ட அதே நாளில், ஒப்புதல் வந்தது. ஜூன் 29இல் கரூர்க்காரரான அமைச்சர் செந்தில்பாலாஜியை முதலமைச்சரின் பரிந்துரை இல்லாமல் நீக்கினார் ஆளுநர், அன்றிரவே அந்த உத்தரவை நிறுத்திவைத்தார். ஜூலை 8இல் மு.க.ஸ்டாலின் குடியரசுத் தலைவருக்கு நீண்ட கடிதம் எழுதினார். 2021 தேர்தலில் திமுக கூட்டணி வென்றது 159 இடம், மூன்றில் இரண்டு பங்குக்கு மேல். 1995இல் தீர்மானம் எப்படிப் போனதோ அப்படியே இந்த மனுவும் கடிதமும் போயின. பதில் சொல்ல வேண்டிய கடமை யாருக்கும் இல்லை. அதனால் யாரும் சொல்லவில்லை.

நீதிமன்றம் இருக்கிறதே, அது போதாதா என்று கேட்பவர்கள் உண்டு. 2025 ஏப்ரல் 8இல் நீதிபதிகள் பர்திவாலா, மகாதேவன் அமர்வு, நிறுத்திவைக்கப்பட்ட பத்து மசோதாக்களும் ஒப்புதல் பெற்றவையாகவே கருதப்படும் என்று தீர்ப்பளித்தபோது அந்த நம்பிக்கை வலுத்தது. மே மாதம் குடியரசுத் தலைவர் இதுபற்றி 14 கேள்விகளை உச்ச நீதிமன்றத்துக்கு அனுப்பினார். நவம்பர் 20இல் தலைமை நீதிபதி கவாய் தலைமையிலான ஐவர் அமர்வு, நீதிமன்றம் காலவரம்பு விதிக்க முடியாது, ஒப்புதல் கிடைத்ததாகக் கருதவும் முடியாது என்றது. ஆளுநர் மசோதாவை முடிவின்றி முடக்கிவைக்கக் கூடாது, காரணமின்றி நீண்ட காலம் வாளாவிருந்தால் நீதிமன்றம் ஓரளவுக்குத் தலையிடலாம் என்றும் அது சொன்னது. இது ஒரு மசோதாவுக்குக் கிடைக்கும் பரிகாரம். அதைத் தடுத்தவரின் பொறுப்பை இது தொடவில்லை. பத்தாவது மசோதா தடைபட்ட பிறகும் பதினொன்றாவதைத் தடுக்க அவருக்குத் தடையில்லை.

இன்னொரு மறுப்பு, மக்களால் தேர்ந்தெடுக்கப்பட்ட அரசே அவசரத்தில் தவறான சட்டம் இயற்றினால் யார் தடுப்பது என்பது. இதற்குத் திருப்பூரைவிடப் பொருத்தமான சோதனைக்களம் இல்லை. 2023 ஏப்ரல் 21இல் தமிழ்நாடு சட்டமன்றம் தொழிற்சாலைகள் சட்டத் திருத்தத்தை நிறைவேற்றியது. பன்னிரண்டு மணி நேர வேலைநாளுக்கு அது வழிவிட்டது. வாரத்துக்கு 48 மணி நேரம் என்ற வரம்பு மாறாது என்று அரசு விளக்கியது. பனியன் கம்பெனிகளில் காலை எட்டரைக்கு உட்கார்ந்து இரவு எட்டரைக்கு எழும் ஒன்றரை ஷிப்ட் ஏற்கெனவே பழகிப்போன ஊர் இது. அந்த அரை ஷிப்டுக்குத் தனிக் கூலி கேட்கும் உரிமையாவது இருந்தது. சட்டமே பன்னிரண்டு மணி நேரத்தை ஒரு நாள் என்று சொல்லிவிட்டால் டைலரும் செக்கிங் பெண்களும் அதையும் இழப்பார்கள் என்று தொழிற்சங்கங்கள் அஞ்சின. ஆளும் கூட்டணியின் தோழமைக் கட்சிகளே அவையிலிருந்து வெளிநடப்புச் செய்தன. மூன்றே நாளில் மசோதா நிறுத்திவைக்கப்பட்டது, மே 1இல் திரும்பப் பெறப்படுவதாக ஸ்டாலின் அறிவித்தார். ராஜ்பவன் இதில் எதுவும் செய்யத் தேவைப்படவில்லை. அடுத்த தேர்தலில் வாக்குக் கேட்டு வர வேண்டியவர்கள் என்பதால் ஆட்சியாளர்கள் பின்வாங்கினார்கள். தவறான சட்டத்தைத் தடுக்கும் அணை இருக்கிறது, அது வாக்காளரிடம் இருக்கிறது. ஆளுநர் தடுத்த இணையச் சூதாட்டத் தடை மசோதாவுக்காக எந்தத் தொழிலாளி போய் யாரைக் கேட்க முடிந்தது?

எல்லாவற்றிலும் கடினமான மறுப்பை 1995 எழுப்புகிறது. அன்றைக்கு நீக்கும் அதிகாரம் சட்டமன்றத்திடம் மட்டுமே இருந்திருந்தால், தன் மீது வழக்குத் தொடர அனுமதி தந்த ஆளுநரை ஒரு முதலமைச்சர் ஒரே மதியத்தில் நீக்கியிருப்பார். டான்சி நில பேர ஊழல் வழக்கில் பின்னாளில், 2003இல், உச்ச நீதிமன்றமும் ஜெயலலிதாவின் விடுதலையை உறுதிசெய்தது. ஆனால் அந்தத் தீர்ப்பைச் சொல்ல வேண்டியது நீதிமன்றமே தவிர, அவர் கட்சியின் 164 உறுப்பினர்கள் அல்ல. ஆகவே, மாநிலச் சட்டமன்றமே ஆளுநரைப் பதவிநீக்கலாம் என்று 2010இல் பூஞ்சி ஆணையம் பரிந்துரைத்ததை என்னால் அப்படியே ஏற்க முடியவில்லை. மாநில உரிமை பேசுகிறவர்கள் பலருக்கு அது பிடித்திருக்கிறது, ஆனால் அதன் ஆபத்தைத் தமிழ்நாட்டு வரலாறே காட்டியிருக்கிறது. 1948இன் வரைவு குற்றம் சாட்டுவோரையும் விசாரிப்போரையும் பிரித்தது, அதுவே சரியான அடித்தளம். விசாரணை மாநிலங்களவையில் நடந்தால் என்ன ஆகும்? 245 பேர் அவையில் மூன்றில் இரண்டு பங்கு 164. தமிழ்நாட்டுக்கு அங்கே 18 இடம்தான். எந்த மாநிலக் கட்சியும் தன் பலத்தால் ஆளுநரை வெளியேற்ற முடியாது, இது நல்லது. ஆனால் மத்தியில் ஆளும் கட்சி தன் ஆளுநரை எப்போதும் காப்பாற்றிக்கொள்ளும், இது கெட்டது. அந்த அவையின் தலைவராக இன்று அமர்ந்திருப்பவர் முன்னாள் ஆளுநரான திருப்பூர்க்காரர் என்பதும், அவரது தேர்தலில் 452 வாக்குகளுக்கு எதிராக விழுந்த 300இல் திமுகவின் வாக்குகளும் உண்டு என்பதும் அந்த அவை எவ்வளவு கட்சிமயமானது என்பதைக் காட்டும். அதனால் விசாரணை, ராஜமன்னார் சொன்னபடி, உச்ச நீதிமன்றத்தில்தான் இருக்க வேண்டும். இது புதுமையும் அல்ல. மாநில அரசுப் பணியாளர் தேர்வாணைய உறுப்பினர் ஒருவரைத் தவறான நடத்தைக்காக நீக்குவதென்றால், 317ஆவது பிரிவின்படி குடியரசுத் தலைவர் அதை உச்ச நீதிமன்றத்துக்கு அனுப்பி விசாரிக்கச் செய்ய வேண்டும். தேர்வாணைய உறுப்பினருக்கு இருக்கும் பாதுகாப்பும் பொறுப்பும் அவரை நியமிக்கும் ஆளுநருக்கு இல்லை.

பதவியையே ஒழித்துவிட்டால் இவ்வளவு சிக்கல் எதற்கு என்கிறது சுப்பராயனின் கட்சி. அந்தக் கோரிக்கையின் நியாயத்தை மதிக்கிறேன். ஆனால் தொங்கு சட்டமன்றத்தில் யாரை முதலில் அழைப்பது என்ற முடிவை யாராவது ஒருவர் எடுத்தாக வேண்டும். 2024 ஜனவரி 31இல் ஹேமந்த் சோரன் விலகியபோது ஜார்க்கண்டில் ஆளுநர் ராதாகிருஷ்ணன் அந்த இடத்தில் இருந்தார். சம்பாய் சோரன் அன்றே பெரும்பான்மையைக் காட்டியும், பதவியேற்பு பிப்ரவரி 2இல்தான் நடந்தது. இடைப்பட்ட நேரம் கட்சித்தாவலுக்குத் தரப்பட்ட அவகாசம் என்று ஜார்க்கண்ட் முக்தி மோர்ச்சா குற்றம் சாட்டியது. அதே வாரம் பீகாரில் நிதிஷ்குமார் காலையில் விலகி மாலையில் வேறு கூட்டணியோடு பதவியேற்றார். ஒரே வேலை, ஓரிடத்தில் சில மணி நேரம், ஓரிடத்தில் இரண்டு நாள். இந்த வேலையைச் சபாநாயகரிடமோ உயர் நீதிமன்றத்திடமோ கொடுத்தாலும் அதே அதிகாரம் வேறு கைக்குத்தான் போகும். அந்தக் கை பதில் சொல்ல வேண்டியதாக இருக்க வேண்டும்.

இதற்கான வழி கடைசியில் வேட்பாளர்களிடமே வந்து நிற்கிறது. அரசியலமைப்புத் திருத்தங்களில் சிலவற்றுக்குப் பாதி மாநிலங்களின் ஒப்புதல் வேண்டும் என்று 368ஆவது பிரிவு பட்டியலிடுகிறது. ஆளுநரின் நியமனமும் பதவிக்காலமும் அந்தப் பட்டியலில் இல்லை. மாநிலத்தின் தலைவரை எப்படி நியமிப்பது, எப்படி நீக்குவது என்பதை மாற்ற எந்த மாநிலத்தையும் கேட்க வேண்டாம், நாடாளுமன்றத்தின் இரு அவைகளும் போதும். 2024 தேர்தல் அறிக்கையில் திமுக, முதலமைச்சரைக் கலந்து ஆளுநரை நியமிக்க வேண்டும், அவருக்கு வழக்குகளிலிருந்து பாதுகாப்புத் தரும் 361ஆவது பிரிவைத் திருத்த வேண்டும் என்றது. தமிழ்நாட்டின் 39 இடங்களும் அந்த அணிக்கே கிடைத்தன. மக்களவையில் மூன்றில் இரண்டு பங்கு 362. இடைவெளி பெரியது, கேரளமும் வங்கமும் பஞ்சாபும் இதே வழக்கோடு சேர்ந்து நின்றாலும் அது முழுதாக நிரம்பாது. 2025 ஏப்ரலில் ஸ்டாலின் அறிவித்த நீதிபதி குரியன் ஜோசப் குழு மத்திய மாநில உறவுகளை ஆராய நியமிக்கப்பட்டது. 1948இன் வரைவையும் ராஜமன்னாரின் பரிந்துரையையும் சேர்த்துச் சட்ட வாசகமாகவே எழுதி ஒரு திருத்த மசோதாவாக நாட்டின் முன் வைப்பதற்குத் தமிழ்நாட்டுக்கு அதைவிட நல்ல மேடை இல்லை: சட்டமன்றத்தின் மூன்றில் இரண்டு பங்கு குற்றச்சாட்டு, உச்ச நீதிமன்ற விசாரணை, குற்றம் நிரூபணமானால் நீக்கம், ஆகாவிட்டால் ஐந்தாண்டு முழுவதும் எந்த மத்திய அரசும் தொட முடியாத பதவி. திருப்பூர் வடக்கு 2021இல் அதிமுகவுக்கும் திருப்பூர் தெற்கு திமுகவுக்கும் வாக்களித்தன. சென்னா ரெட்டியிடம் ஒரு கட்சி பட்டதை ரவியிடம் மற்றொரு கட்சி பட்டது. இந்த வாசகத்துக்குக் கையெழுத்திடுவார்களா என்று, வாக்குக் கேட்டு வரும் இரு கட்சி வேட்பாளர்களையும் இந்த ஊர் கேட்கலாம்.